பார்லிமெண்ட் சொல்லாததை நான் படித்தேன்

எங்கள் வீட்டில் பேப்பர் படிப்பது என் வேலை. தறியில் உட்கார்ந்தவர்களுக்குக் கையும் காலும் கண்ணும் தறிக்கே போய்விடும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு நான். காலை பஸ்ஸில் பேப்பர் வந்ததும் முக்காலியைத் தறிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தலைப்பிலிருந்து தொலைந்துபோன எருமை விளம்பரம் வரை சத்தமாகப் படிப்பேன். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் உலக நடப்பில் அவரிடம் வாயைக் கொடுத்து மீள முடியாது. செங்கொடி நெசவாளர் சங்கத்தில் துணைத்தலைவர், தோளில் சிவப்புத் துண்டு, ரஷ்யா என்றால் உயிர்.

1968 ஆவணி அது. மாதக் கடைசியில் எனக்குக் கல்யாணம். என் முகூர்த்தச் சேலை எங்கள் தறியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை, கோர்வை. கோர்வை என்றால் கரைக்குத் தனி இழை, உடலுக்குத் தனி இழை. ஒற்றை ஆளால் ஆகாது. அப்பாவும், அவர் தம்பியான என் சித்தப்பாவும் ஒரே பலகையில் தொடை இடிக்க உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமிருந்து இழை சுற்றிய நாடாவை ஓட்டுவார்கள். சித்தப்பா பக்கத்துச் செவிலிமேட்டிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார்.

ரஷ்யா டாங்கிகளோடு செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த செய்தியையும் நான்தான் படித்தேன். அந்தப் பெயரை மூன்று தரம் தடுக்கி விழுந்து படித்தேன். முடித்ததும் சித்தப்பா சிரித்தார்.

"இன்னாண்ணே, உன் ஆளுங்க அடுத்தவன் ஊட்டுல பூந்துட்டானுங்க போலக்குதே."

"உதவிக்குப் போயிருப்பாங்கடா. உனக்கு இன்னா தெரியும்?"

"டாங்கியோடவா? உன் ஊட்டுக்கு நான் டாங்கி எடுத்துக்கினு வந்தா உதவின்னுவியா?"

அப்பா நாடாவை அப்படியே வைத்தார். "எழுந்துர்ரா தறியவுட்டு" என்றார். சித்தப்பா எழுந்தே விட்டார். வேட்டியை உதறினார், சைக்கிளை எடுத்தார், போய்விட்டார். எங்கேயோ இருக்கும் ஒரு நாட்டுக்காக என் சேலை பாதியில் நின்றது.

மறுநாள் அமாவாசை, எப்படியும் தறி ஓடாது. அதற்கடுத்த நாளும் சித்தப்பா வரவில்லை. அம்மா செவிலிமேட்டுக்கு நடந்தே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "ரஷ்யா பண்ணது தப்புன்னு அண்ணன் வாயால சொல்லட்டும், வரேன்" என்றாராம். அப்பா, "நம்ம பார்லிமெண்டுல பேசிக்கினு இருக்காங்க. அவங்க கண்டிச்சா நானும் சொல்றேன். அதுக்கு முன்னால ஒரு வார்த்தை கிடையாது" என்றுவிட்டார். வேறு ஆளை உட்கார வைக்கலாமே என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நடுவில் கை மாறினால் இழையை இறுக்கும் அடி மாறும், சேலைக்குக் குறுக்கே தழும்பு மாதிரி கோடு விழும், முகூர்த்தச் சேலைக்கு அது ஆகவே ஆகாது. நெசவுக்காரன் பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆக, என் கல்யாணம் டெல்லி கையில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கே போய்ப் பேப்பரை வாங்கி வழியிலேயே பிரித்தேன். எதிர்க்கட்சிக்காரர்கள் கண்டிக்கச் சொல்லிக் கூச்சல் போட்டிருந்தார்கள். அரசாங்கம் வருத்தப்பட்டதோடு நிறுத்திக்கொண்டது. கண்டிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, தப்பைத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லையா? வருத்தப்படவா இவர்களுக்கு ஓட்டுப் போட்டோம்?

வீட்டில் அப்பா காலியான தறிக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார். "இன்னாமா போட்டுக்கிறான்?"

பேப்பரை விரித்தேன். "செக்கோஸ்லோவாக்கியா மீது நடந்த படையெடுப்பைப் பார்லிமெண்ட் வன்மையாகக் கண்டித்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது." குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. வாசிப்புப் பழக்கம் அப்படி.

"ஒருமனதாவா?"

"எல்லா மெம்பரும் எழுந்து நின்னாங்களாம்பா." அந்த ஒன்றை நான் சேர்த்திருக்க வேண்டாம்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப தப்புதான்" என்றார். பேப்பரை அரிசிப் பானைக்கு அடியில் திணித்தேன். அம்மா போய்ச் சொல்ல, மத்தியானம் சித்தப்பா வந்து உட்கார்ந்தார், நாடா ஓடியது. நான் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டேன். அப்பா மட்டும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அங்கே என்ன நடந்தது என்று சித்தப்பாதான் வந்து சொன்னார். அப்பா தானாக எழுந்து, "நம்ம பார்லிமெண்டே ஒருமனதா கண்டிச்சிக்குது, நம்ம சங்கமும் கண்டிக்கணும்" என்றிருக்கிறார். செயலாளர் பையிலிருந்து பேப்பரை எடுத்து, "எந்தப் பேப்பர்லபா அப்படிப் போட்டுக்குது? காட்டு பாப்போம்" என்றாராம். கூட்டமே சிரித்ததாம். படிக்கத் தெரியாத மனிதரை நாலு பேர் நடுவே நிறுத்திச் சிரிக்க வைத்தது நான்.

அப்பா பின்னாலேயே வந்தார். தோளில் துண்டு இல்லை. நான் காலில் விழாத குறையாக, "நான்தான்பா பொய்யா படிச்சேன், சேலை நின்னுடுச்சேன்னு" என்று அழுதேன்.

"தெரியும்மா. அங்க சிரிச்சாங்களே, அப்பவே தெரிஞ்சிடுச்சி. என் காதுதான் தப்பா கேட்டுதுன்னு சொல்லிட்டேன்." சொம்புத் தண்ணீரை முழுதும் குடித்தார். "சரி, பேசினத வாபஸ் வாங்கிக்க, துணைத்தலைவராவே இருன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

"ஏன்பா? பார்லிமெண்டு அப்படிச் சொல்லவே இல்லியேபா."

"அவங்க சொல்லல. நான் ரெண்டு நாளா யோசிச்சேன் இல்ல? தப்புன்னு பட்டுச்சி. நீ பொய்யா படிச்சதுக்காக ரஷ்யா பண்ணது சரின்னு ஆயிடுமா?"

பதவி போய்விட்டது. இருபது வருஷம் போட்டிருந்த துண்டைச் சங்கத்து மேசையிலேயே மடித்து வைத்துவிட்டு வந்திருந்தார். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாண்ணே, வெளிச்சம் இருக்குது, நாலு விரல் அகலமாவது நெய்வோம்" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

அப்பா தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்தார். நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குப் பேப்பர் படிக்கலியே. எடுத்துக்கினு வா. இருக்கிறத படி."