பிள்ளையை நம்பிப் போட்ட காசு

பாங்க் கவுண்டரிலை நிண்டு கால் வீங்கின ஆக்களுக்குத் தெரியும், அது காலை விட வாய் உளையிற வேலை. தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதியிலை, வெளிநாட்டுக்கு வந்த எங்கடை சனம் அடுக்குமாடிகளிலை நிறைஞ்சிருந்த சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பக்கத்திலை ஒரு பாங்கிலை நான் நிண்டனான். "இங்கே தமிழ் பேசப்படும்" எண்டு கண்ணாடியிலை ஒரு மட்டை, அதுக்குப் பின்னாலை நான். மற்றக் கவுண்டர்களிலை ஆக்கள் ரெண்டு நிமிசத்திலை அலுவல் முடிச்சுப் போவினம். என்ரை வரிசை மட்டும் அசையாது. இதே பாடு பட்டவை ஆரும் இதை வாசிக்கிறியள் எண்டால், கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ.

ஸ்ரிக்கர்

மனேச்சர் எங்களுக்குப் படிப்பிச்ச முதல் பாடம் இதுதான். புது ஆள் பயந்தால் கண்ணாடியிலை ஒட்டின ஸ்ரிக்கரைக் காட்டு, பாங்க் விழுந்தாலும் உங்கடை காசுக்கு அரசாங்கம் பொறுப்பு எண்டு சொல்லு. வெள்ளைக்காரச் சனம் அதைக் கேட்டுத் தலையாட்டிப்போட்டுக் காசைப் போடும்.

நான் அதை முதல்முதல் சொன்னது கந்தசாமி அண்ணைக்கு. இஞ்சை றெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவுறவர், இலங்கையிலை அரசாங்க நில அளவைக் கந்தோரிலை கிளாக்கரா இருந்தவர். காசைக் கண்ணாடிக்குக் கீழாலை தந்திட்டார். நான் வலு புளுகத்தோடை, பல்லெல்லாம் தெரிய, ஸ்ரிக்கரைக் காட்டி அரசாங்கம் எண்டு வாயெடுத்தன், மனிசன்ரை முகம் கறுத்துப் போச்சு. போன கை திரும்பி வந்துது. "பிள்ளை, நான் இருபத்தாறு வருசம் கவுண்மேந்துக்குள்ளை இருந்தனான். அவங்கள் பொறுப்பெண்டு சொன்னால் என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும். காசைத் தாரும்!"

மீன் மணத்த காசு

பிலோமினா அக்கா மன்னார் ஆள். ஹொட்டேலிலை அறை துப்புரவாக்கிற வேலை. அவவின்ரை மனிசன் வாத்தியார். பென்சன் எடுக்கேக்கை கிடைச்ச காசு முழுக்கக் கொழும்பிலை ஒரு பினான்ஸ் கொம்பனியிலை போட்டவர். சுவரிலை அரசாங்கம் குடுத்த லைசென்ஸ் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கினதாம், அதைப் பாத்துத்தான் போட்டதாம். ஒரு நாள் காலமை போனால் கதவிலை பூட்டு. லைசென்ஸ் குடுத்த கந்தோர் அந்தக் கந்தோருக்குப் போ எண்டுது, அந்தக் கந்தோர் இந்தக் கந்தோருக்குப் போ எண்டுது. கடைசியா, "தங்கள் முறைப்பாடு கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" எண்டு ஒரு கடிதம் வந்துது. மனிசன் சாகுமட்டும் அதைச் சட்டைப் பொக்கற்றிலை கொண்டு திரிஞ்சாராம்.

அப்படிப்பட்டவ பாங்குக்கு வந்தது மகளுக்காக. ஜெனிற்றா கொழும்பிலை ஒரு லொட்ஜிலை, பொலிஸ் எப்ப கதவைத் தட்டுமோ எண்ட பயத்தோடை இருந்தாள். அவளை இஞ்சை கூப்பிடிறதெண்டால், பாக்கிறதுக்கு வசதி இருக்கெண்டு காட்டவேணும், அரை வருசம் காசைப் பாங்கிலை அசைக்காமல் வைச்சுப் பாங்கிட்டை ஒரு கடிதம் எடுத்துத் தாங்கோ எண்டு லோயர் சொல்லிப்போட்டார்.

அக்கா தந்த காசு ஐஸ் மாதிரிக் குளிர்ந்துது. ஃபிறீசருக்குள்ளை பாரைமீன் பாசலுக்குக் கீழை வைச்சிருந்ததாம். மணம் பக்கத்துக் கவுண்டர் மரியாவின்ரை மூக்கு வரைக்கும் போச்சுது. நான் ஸ்ரிக்கர் பக்கம் திரும்பவே இல்லை, கந்தசாமி அண்ணையிட்டைப் பட்டது காணும். அவ என்ரை ஊர் கேட்டா, அப்பாவின்ரை பேர் கேட்டா, அம்மா எந்தப் பகுதி எண்டு கேட்டா. பின்னாலை நிண்ட சனம் பெருமூச்சு விட்டுது. பத்து நிமிசத்துக்குப் பிறகு காசை என்னட்டைத் தள்ளினா. "பாங்கை எனக்குத் தெரியாது, பிள்ளை. உம்மடை முகத்துக்குத்தான் இதைத் தாறன்."

கொப்புளிப்பான்

ஐஞ்சு மாசம் போச்சு. எனக்குக் கொப்புளிப்பான் வந்து, மேலெல்லாம் அம்மைக் கொப்புளம் போட்டு, ரெண்டு கிழமை வீட்டிலை படுத்திட்டன். நான் லீவெண்டு என்ரை வரிசைச் சனம் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவேணும் எண்டு ஆருக்குத் தோன்றும்?

மூண்டாம் நாள் எங்கடை சனம் கவுண்டர் வெறுமையாக் கிடக்கிறதைக் கண்டுது. மரியா "அவள் இல்லை" எண்டு கையை விரிச்சாளாம். தெரிஞ்ச முகம் காணாமல் போனால் அடுத்து வாறது கதவிலை பூட்டு எண்டு எங்கடை ஆக்களுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கவேணுமே? "பிள்ளை ஓடிட்டுது!" கதை லிஃப்ற் ஏறிப் பதினெட்டாம் மாடி வரைக்கும் போச்சுது. அடுத்த நாள் வாசல் வரைக்கும் வரிசை. மனேச்சர் பதறியடிச்சு எனக்குப் போன் எடுக்கிறதுக்குள்ளை பாதிச் சனம் காசை எடுத்துக்கொண்டு போயிட்டுது. பிலோமினா அக்காவும்தான்.

நான் திரும்பி வந்த அண்டைக்கு, முகமெல்லாம் தழும்போடை நிக்கிறன், அக்கா காசைத் திருப்பிப் போட மீன் மணக்கிற பாசலோடை வந்து நிக்கிறா. எனக்கு வந்த கோபம்! "ஐஞ்சு மாசம் இருந்தியளே அக்கா, இன்னும் ஒரு மாசம் பொறுக்கேலாதே? லோயருக்கு இனி என்னத்தைக் காட்டுறது?" எண்டு எல்லாருக்கும் முன்னாலை கத்திப்போட்டன். அவவின்ரை கண் நிரம்பிட்டுது. "என்ரை மனிசனும் இன்னும் ஒரு மாசம் பொறுத்துப் பாப்பம் எண்டுதான், பிள்ளை, இருந்தவர்."

பிழை ஆற்றை?

எனக்கு வெக்கமாப் போச்சு. ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் படுத்திருந்தால் அந்தப் பிள்ளையின்ரை பயணம் குழம்பியிராது. நேரை மனேச்சரிட்டைப் போய்ப் பூட்டு, லைசென்ஸ், பொக்கற்றிலை இருந்த கடிதம் எல்லாம் சொன்னன், சொல்லேக்கை அழுகையும் வந்திட்டுது. மனுசன் தானே இருந்து லோயருக்குக் கடிதம் அடிச்சார். இந்தக் காசு ஐஞ்சு மாசம் இஞ்சை அசையாமல் இருந்தது, எங்கடை ஊழியர் லீவெண்டதை நாங்கள் சரியாச் சொல்லாததாலை வாடிக்கையாளர் பயந்து எடுத்தவர், திருப்பி முழுக்கப் போட்டிட்டார், பிழை எங்கடை.

அதை நான் தமிழிலை வாசிச்சுக் காட்டினன். பிலோமினா அக்கா கடைசி வரியை மூண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. "ஒரு கந்தோர் தன்னிலை பிழை எண்டு எழுதினதை நான் இப்பதான் காணுறன்."

ஜெனிற்றா

லோயர் அந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார். எட்டு மாசம் நாங்கள் ரெண்டு பேரும் கண்ணாடிக்கு அங்காலையும் இங்காலையும் நிண்டு, ஒண்டும் கேக்காமல் முகத்தை முகத்தைப் பாத்தம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வந்தா. பக்கத்திலை, ஆரோ குடுத்த பெரிய குளிர்க் கோட்டுக்குள்ளை மெலிஞ்ச பிள்ளை ஒண்டு. சம்பளச் செக் மாத்த வரிசையிலை நிண்ட கந்தசாமி அண்ணை கூட விலகி வழி விட்டார்.

அக்கா மகளின்ரை தோளைப் பிடிச்சு முன்னாலை விட்டா. "ஜெனிற்றா, வணக்கம் சொல்லு. எங்களுக்கு ஒரு கவுண்மேந்து எண்டால் இவதான்."

அந்தக் கவுண்மேந்துக்கு அப்ப வேலையே நிரந்தரமாகேல்லை எண்டதை நான் இண்டுவரைக்கும் அவவுக்குச் சொல்லேல்லை.