அப்பா பெயரில் ஒரு தூக்கம்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கூடத்து மின்விசிறியைத் துடைத்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. நான் ஸ்டூல் மேல் நின்றேன். அம்மா கீழே அதன் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் இறக்கையைத் துடைத்துவிட்டு அழுக்குத் துணியைக் கீழே நீட்டினேன். அவள் வாங்கவில்லை. குனிந்து பார்த்தேன். கைகள் ஸ்டூலைப் பிடித்திருந்தன, தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. நின்றபடியே தூங்கிவிட்டாள்.

"அம்மா."

"ம்... பிடிச்சிட்டுத்தானே இருக்கேன்."

"தூங்கிட்ட."

"தூங்கல. கண்ணுல தூசி விழுந்துச்சு, மூடியிருந்தேன். நீ பேச்சை விட்டுட்டு ரெண்டாவது றெக்கையைத் துடை."

ஒரு கையால் விசிறியின் தண்டைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் துடைத்தேன். அவளை நம்பி நிற்க எனக்குப் பயமாக இருந்தது. தூக்கத்தில் அவளுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியும். அவள் பெயரில் ஒரு பரிசோதனை நடக்க வேண்டியிருந்தது. எப்போது என்பதைப் பற்றித்தான் ஏழு வாரமாக அந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம்.

அம்மா கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தாள். வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டில் ஓடும் பாட்டில்களில் விரிசல், குமிழி, கோணல் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருபது நிமிடம் பார்வை, பத்து நிமிடம் ஓய்வு. அங்கே அவளுக்குப் பெயர் பருந்து. வீட்டிலும் அப்படித்தான். என் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நூலில் தைக்கப்பட்டிருந்தால், நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "இது யாருடி தைச்சது?" என்று கேட்பாள்.

அப்பா கோபுர கிரேன் ஓட்டுபவர். உயரமான கட்டடங்கள் எழும்பும் இடங்களில் அவருக்கு நல்ல பெயர். தரையில் அவர் எதுவும் செய்யமாட்டார். அவருடைய விண்ணப்பங்களை அம்மா நிரப்பினாள். அவருக்காக வரிசைகளில் நின்றாள். அவர் சண்டை போட்ட உறவினர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் காலை ஒரு நூலால் அளந்து எடுத்துக்கொண்டு தனியாகச் செருப்புக் கடைக்குப் போனாள்.

"மேல எழுபது மீட்டர்ல இருந்து கம்பிக் கட்டை ஒரு சாண் இடத்துல இறக்குவார். கீழ வந்தா தன் சட்டை எங்கன்னு என்னைக் கேப்பார்" என்பாள்.

அப்பாவின் குறட்டை எங்கள் அடுக்குமாடிக்கே பொதுச் சொத்து. மேல் வீட்டுத் தையல்காரர் படிக்கட்டில் எங்களைப் பார்த்தால் விடமாட்டார்.

"என்னம்மா, நேத்து லாரியை ரிவர்ஸ் எடுத்து முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு அண்ணே. உங்க தையல் மெஷினுக்குப் போட்டியா ஓட்டறார்" என்பாள் அம்மா.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவின் நிறுவனத்தில் கிரேன் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் உடல்தகுதிச் சோதனை நடந்தது. மருத்துவர் அப்பாவின் கழுத்தை அளந்தார். நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். கழுத்து தடித்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கும் வாய்ப்பு அதிகமாம். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். உட்கார்ந்து படிக்கும்போது தூங்கிவிடுவீர்களா, டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால், வண்டி நெரிசலில் நிற்கும்போது என்று எட்டுக் கேள்விகள். அப்பா எட்டுக்கும் பூஜ்யம் போட்டார்.

"நான் படிக்கறதே இல்ல சார், அப்புறம் எங்க தூங்கறது?"

மருத்துவர் சிரிக்கவில்லை. கையில் அடங்கும் ஒரு கருவியைக் கொடுத்து, ஒரு இரவு வீட்டில் மாட்டிக்கொண்டு படுக்கச் சொன்னார். மார்பில் ஒரு பட்டை, மூக்கின் கீழே மெல்லிய குழாய், விரலில் ஒரு கிளிப். மூச்சு எத்தனை தடவை தடைப்படுகிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்பதை அது பதிந்துகொள்ளும். முடிவு மோசமாக வந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று அப்பா பயந்தார்.

அன்று அதை அம்மா மாட்டிக்கொண்டு படுத்தாள்.

அது யாருடைய யோசனை என்று எனக்குத் தெரியாது. அவளுடையது என்கிறார் அப்பா. இருக்கலாம். அவருக்காக எல்லாம் செய்தவள், அவருக்காகத் தூங்கியும் கொடுத்தாள்.

அறிக்கை அப்பாவின் பெயரில் வந்தது. மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு தடைப்பட்டிருந்தது. ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. முப்பதைத் தொட்டால் கடுமை. ஆக்சிஜன் எழுபத்தாறு சதவீதம் வரை இறங்கியிருந்தது. அப்பாவைக் கிரேனிலிருந்து இறக்கி ஆறு வாரம் கிடங்கில் போட்டார்கள். "ஒரு குத்தமும் பண்ணாம கம்பி எண்ண வெச்சுட்டாங்க" என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார். உண்மையிலேயே கட்டுமானக் கம்பிகளை எண்ணும் வேலைதான். ஒரு குற்றமும் செய்யாமல் என்பது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது.

முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி, தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றும் கொடுத்தார்கள். ஒவ்வொரு இரவும் எத்தனை மணி நேரம் அணிந்தார் என்று அதில் பதிவாகும். நிறுவனம் அதைப் பார்க்கும். அப்பா இரண்டு அர்த்தத்திலும் மாட்டிக்கொண்டார்.

அது அவருக்கு நல்லதாகவே முடிந்தது. குறட்டை நின்றது. காலையில் எழுந்ததும் எல்லோர் மேலும் எரிந்து விழுவது நின்றது. அவருக்கும் அந்த நோய் இருந்திருக்கிறது. அதை வைத்து அம்மா ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள்.

"குழாய் என் மூக்குலதான் இருந்துச்சு. ஆனா பக்கத்துல படுத்தவர் போட்ட சத்தத்தை அது பிடிச்சிருக்கு. அவ்வளவு சத்தம். கருவி மேல தப்பே இல்ல."

இருவரும் அதை முழுக்க நம்பினார்கள். கருவி சரியான ஆளைத்தான் கண்டுபிடித்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டார்களாம்.

அந்த அறிக்கையை நானும் அப்போதே பார்த்தேன். எடைமேடைகளையும் அழுத்தமானிகளையும் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. இரண்டாம் பக்கத்தில், இரவில் மூன்று தடவை எழுந்து நின்றதாகப் பதிவாகியிருந்தது. கூரை இடிந்தாலும் விடியும்வரை எழுந்திருக்காதவர் அப்பா. எண்ணைப் படிப்பதற்கு முன்னால் அது எதனுடைய எண் என்று உறுதி செய்ய வேண்டும். என் தொழிலில் அதுதான் முதல் பாடம். நான் எண்ணை மட்டும் படித்தேன்.

மூன்று தடவை எழுந்தவள் அம்மா. அவள் காலையில் தலைவலியோடு எழுந்தாள். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது. சொன்னதையே திரும்பச் சொன்னாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதிரே நின்றபடி பொங்க விட்டாள். "மாதவிலக்கு நின்னா எல்லாருக்கும் இப்படித்தான்" என்றாள் அத்தை. நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

பிறகு ஒரு நாள், அவள் பார்த்து அனுப்பிய பாட்டில்கள் ஒரு லாரி முழுக்கத் திரும்பி வந்தன. கழுத்தில் விரிசல். அவளைப் பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, கைப்பையை மடியில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு திறந்துதான் இருந்துச்சுடி. பாட்டில் போறது தெரியுது. ஆனா பாக்கறது நான் இல்ல."

"கண் டாக்டரைப் பாக்கலாமா?"

"பாத்தாச்சு. கண்ணுல ஒண்ணும் இல்லையாம். இப்பெல்லாம் அங்க யாரும் என்னைப் பருந்துன்னு கூப்பிடறதில்ல. கேலிக்குக்கூட" என்றாள்.

மகளாக நான் செய்தது, காபி போட்டுக் கொடுத்தது.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம், அம்மா வீட்டில். சாப்பாட்டுக்குப் பின் அம்மா சோஃபாவில் மல்லாந்து தூங்கினாள். உள்ளறையில் அப்பா முகமூடியோடு படுத்திருந்தார், ஓசையே இல்லை. அப்படி ஓர் அமைதியில் அம்மா தூங்கி நான் கேட்டதே இல்லை. மெல்லிய குறட்டை வந்தது. பிறகு நின்றது. நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஆனால் மார்பும் வயிறும் ஒன்றுக்கொன்று எதிராக ஏறி இறங்கின. மூக்கருகில் விரலை வைத்தேன். காற்று இல்லை. பிறகு தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்தவள் மாதிரி ஓர் இழுப்பு. மறுபடியும் குறட்டை. மறுபடியும் நின்றது. கைப்பேசியில் நேரம் எடுத்தேன். இருபத்திரண்டு நொடி. முப்பத்தொன்று. இருபத்தெட்டு. நாற்பது.

பெரிய ஓசை இருக்கும் இடத்தில் சின்ன ஓசையை அளக்க முடியாது. எத்தனை வருடம் அவள் அப்பாவின் குறட்டைக்கு அடியில் யாருக்கும் கேட்காமல் திணறினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா எழுந்து வந்தார். கன்னங்களில் முகமூடிப் பட்டையின் தடம். எண்களைக் காட்டினேன்.

"அப்பா, உங்களுக்கு இருந்ததே அம்மாவுக்கும் இருக்கு. அறிக்கையில அப்படியேதான் போட்டிருந்துச்சு."

அவர் எண்களை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அது என் அறிக்கை இல்லம்மா."

"பின்ன?"

"அவளோடது."

எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அம்மா விழித்துக்கொண்டாள்.

"என்ன, அப்பாவும் பொண்ணும் என் தலைமாட்டுல பஞ்சாயத்து?"

"அம்மா, உன் பேர்ல ஒரு சோதனை எடுத்துடலாம். நாளைக்கே."

அவள் அப்பாவைப் பார்த்தாள். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். "நாளைக்கா? அடுத்த மாசம் இவருக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கணும். இப்பப் போய் நான் அங்க நின்னா, அந்த டாக்டர் ரெண்டு தாளையும் பக்கத்துல வெச்சுப் பாக்கமாட்டாரா? இவர் வேலை போயிடும்."

"வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போவோம். சான்று கைக்கு வரட்டும்."

"அதுவரைக்கும்?"

"இத்தனை வருஷம் செத்தா போயிட்டேன்?"

"அப்பாவோட மெஷினையாவது..."

"அதுல மணிக்கணக்கு ஓடுது. அவர் மூக்குல இருக்கறதைப் பிடுங்கி நான் மாட்டிக்கிட்டா, அவர் கிரேன்ல ஏறித் தூங்கிடுவார். எழுபது மீட்டர்டி."

அப்பா அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும்தான். சான்று வரும்வரை பொறுக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக அவள் மல்லாந்து படுக்காமல் இருக்க, இரவு உடையின் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

"மூஞ்சில முகமூடி, முதுகுல பந்து. நம்ம வீட்டுல ஒருத்தரும் மனுஷங்க மாதிரி தூங்கறதில்ல" என்றாள்.

அப்பாவின் சான்று வந்தது. மறுநாளே நான் வேறொரு மருத்துவமனையில் பதிவு செய்தேன். அவர்களுக்குக் கிடைத்த முதல் காலி நாள், நாங்கள் விசிறியைத் துடைத்த வாரத்தின் சனிக்கிழமை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். இடது பக்கம் அசையவில்லை. பேச்சு குழறியது. அப்பா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அவளுக்கு நினைவில்லை. மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு.

அம்மா எப்போதும் நகங்களுக்குக் கருஞ்சிவப்புச் சாயம் பூசுவாள். தொழிற்சாலையில் கையுறை போட வேண்டும். உள்ளே இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால், "நான் பாக்கறேனே" என்பாள். அன்று ஒன்பது நகங்களில் சாயம் இருந்தது. வலது ஆள்காட்டி விரலில் மட்டும் சுத்தமாக எடுக்கப்பட்டிருந்தது. ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை நர்ஸ் அதில்தான் மாட்டியிருந்தார்.

"நல்லவேளை, ஒரு விரல் காலியா இருந்துச்சு" என்றார்.

நான் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அம்மா போய்விட்டாள். தூக்கத்தில் மூச்சு நின்றதுதான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். அது மட்டும்தான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். சரியான பதில். கையில் இருக்கும் அளவுகளை வைத்து நானும் அதற்கு மேல் எழுதித் தரமாட்டேன்.

அப்பா இன்னும் கிரேனில் ஏறவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். முகமூடியை மாட்டுவதில்லை. "அது அவளுக்கு எழுதிக் கொடுத்தது" என்கிறார். குறட்டை திரும்பிவிட்டது. தையல்காரர் படிக்கட்டில் ஒதுங்கி வழிவிடுகிறார், ஒன்றும் கேட்பதில்லை. அப்பாவே படுத்து, அவர் பெயரிலேயே ஒரு சோதனை எடுக்க வேண்டும் என்று தினமும் சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறார். எழுந்து வருவதில்லை.

அம்மாவின் கைப்பையில் மருத்துவமனைச் சீட்டு இருந்தது. பெயர், வயது, இரண்டாம் மாடி, சனிக்கிழமை காலை பதினொரு மணி. கருவியை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். அடையாள அட்டை அவசியம். ஒரு விரலில் நகச் சாயத்தை நீக்கியிருக்கவும். சீட்டோடு தன் அடையாள அட்டையைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். ஓரத்தில் பென்சிலால் பேருந்து எண்ணையும் இறங்குமிடத்தையும் குறித்திருந்தாள். சனிக்கிழமை அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் வேறிடத்தில் இருந்தோம். கருவியை வாங்க யாரும் போகவில்லை.