பின்னால் ஓட்டித் தூக்கிச் சாப்பிட்டவள்

அப்பா துணிக்கடையில் விற்பனையாளர். நாள் முழுக்க இந்தத் துணியையும் அந்தத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எது உசத்தி என்று சொல்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பாட்டு, படிப்பு, ஓட்டப்பந்தயம் என்று எதில் இறங்கினாலும் வெளுத்து வாங்குவாள். "எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுட்டா எம்பொண்ணு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

ஆனாலும் அந்தச் சொல்லை அவர் கண்டபடி செலவழிக்க மாட்டார். இரண்டு மார்க் கூடுதலாக வாங்கினால் 'முந்திட்டா', அவ்வளவுதான். முந்தியவளை நாளைக்கு இன்னொருத்தி முந்தலாம். கிட்டத்தில் ஓர் ஆள்கூட இல்லாதபடி ஜெயித்தால் மட்டுமே 'தூக்கிச் சாப்பிட்டுட்டா'. சின்னவள் இதெல்லாம் புரியாத வயதில் அது நிஜமாகவே சாப்பிடுகிற சமாச்சாரம் என்று நினைத்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்து அழுதாள். வீடே சிரித்தது. வளர்ந்து அர்த்தம் தெரிந்த பிறகு அவளுக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

பெரியவள் கண் டாக்டரானாள். சின்னவள் பஸ் டெப்போவில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அந்த இடத்துக்கு மெஷின் வந்ததும், வேலை வேண்டுமானால் பஸ் ஓட்டக் கற்றுக்கொள் என்றார்கள். கற்றுக்கொண்டாள். முன்னால் ஓட்டுவதில் எல்லாரையும் போலத்தான். ஆனால் பின்னால் எடுக்கும்போது, அவ்வளவு நீள வண்டி அவள் சொன்னபடி கேட்டது. பக்கத்துக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தால் போதும், பின்சக்கரம் எங்கே நிற்கிறது என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

"ஊர்ல எல்லாரும் முன்னாடி போறாங்க. இவ பின்னாடி போறதுல கெட்டிக்காரி" என்று அப்பா கிண்டலடித்தார்.

டெப்போவில் வருடாவருடம் பஸ்ஸைப் பின்னால் ஓட்டும் போட்டி உண்டு. வளைந்து வளைந்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் கூம்புகளை இடிக்காமல், வண்டியைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வழக்கமாக ஜெயிக்கும் ஓட்டுநருக்கு 'சாம்பியன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நல்ல மனிதர். டீ வாங்கினால் சின்னவளுக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்.

அந்த வருடம் சின்னவளும் பெயர் கொடுத்தாள். சாம்பியன் நிதானமாக ஓட்டி, கடைசி வளைவில் மட்டும் ஒரு கூம்பைச் சாய்த்தார். மற்றவர்கள் வழி நெடுக இடித்துத் தள்ளினார்கள். சின்னவள் எங்கேயும் பிரேக் போட்டுத் தயங்கவில்லை. சாம்பியன் எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. கூம்பு ஒன்றும் அசையவில்லை. பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கை நுழைகிற இடம்தான் இருந்தது.

"தூக்கிச் சாப்பிட்டுட்டாய்யா" என்றார் பஸ் கழுவுகிறவர்.

வாழ்நாளெல்லாம் அக்காவுக்கே போன சொல் இப்போது தன்னைத் தேடி வந்ததும் அவளுக்கு என்னவோ போல் இருந்தது. கண் தானாகச் சாம்பியன் பக்கம் போனது. அவர் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"அண்ணே..." என்று பக்கத்தில் போனாள்.

"ஆறுதல் சொல்ல வந்தியாம்மா? வேணாம். கொஞ்சத்துல தோத்திருந்தேன்னா, அந்த ஒத்தக் கூம்பை நெனச்சே புலம்பிட்டிருப்பேன். இது அப்படியா? நான் தலைகீழா நின்னாலும் உன்கிட்ட வர முடியாது. நிம்மதியாத் தூங்கலாம்." சொல்லிவிட்டு நிஜமாகவே சிரித்தார். "அந்த ரெண்டாவது வளைவை எப்படித் திருப்பினே? அதைச் சொல்லு முதல்ல."

செய்தி வீட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். அப்பா வெளியே போனதும் மெதுவாகக் கேட்டாள். "அந்த வார்த்தையைக் கேட்டதும் உனக்குப் பயமா இருந்துச்சா?"

"பயமா? எதுக்கு?"

"எனக்கு இருக்கும். ஒவ்வொரு தடவையும். அடுத்த தடவை முடியலன்னா அப்பா என்ன சொல்வாரோன்னு ராத்திரி தூக்கமே வராது. பாட்டை விட்டதே அதனாலதான்."

சின்னவளுக்கு இது புதுச் செய்தி. இத்தனை வருடம் அக்கா ஜாலியாக இருந்தாள் என்றல்லவா நினைத்திருந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பப் பாடேன். வீட்டுல நான் மட்டும்தானே கேக்கப் போறேன்?"

அக்கா பாடினாள். நடுவில் ஓர் இடத்தில் சுருதி விலகியது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த மாதம் மேட்டுத்தெருவுக்கு முதல்முறையாக பஸ் விட்டார்கள். உச்சியில் வண்டி திரும்ப இடமில்லை. கடைசிச் சந்து முழுக்கப் பின்னாலேயே போக வேண்டும். அதனாலேயே அங்கே இருப்பவர்கள் இத்தனை காலம் சாமான்களைச் சுமந்து மேடேறிக்கொண்டிருந்தார்கள். சின்னவளும், அவளோடு சேர்ந்து அந்தச் சந்தின் வளைவுகளைப் பழகிக்கொண்ட சாம்பியனும் அந்தத் தடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள், இரண்டு கையிலும் பையோடு தன் வீட்டு வாசலிலேயே இறங்கிய ஓர் அம்மா, திரும்பி நின்று கேட்டாள்: "நாளைக்கும் வருமா?"

"வரும்மா. காலையில நான், சாயங்காலம் சாம்பியன் அண்ணன்."