விதையில் வந்த கற்றாழை

கற்றாழையை யாராவது விதை போட்டு வளர்ப்பார்களா? பக்கத்திலேயே கன்று விடும், பிரித்து நட்டால் வேலை முடிந்தது. என் மனைவி மட்டும் விதைதான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளிடம் இரண்டு ஜாதி இருந்தன. ஒன்றுக்கு இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி. இன்னொன்று குட்டை, ஓரமெல்லாம் முள். இரண்டும் ஒரே சமயத்தில் பூத்த வருடம், பெயிண்ட் பிரஷ்ஷால் குட்டையின் மகரந்தத்தை எடுத்துப் புள்ளிச் செடியின் பூவில் தடவிக்கொண்டிருந்தாள். கல்யாணத் தரகர் வேலையை எப்போது ஆரம்பித்தாய் என்று கேலி செய்தேன்.

"கன்னு வெச்சா அதே செடிதானுங்க மறுபடியும் வரும். விதையில வந்தா எங்கயும் இல்லாத ஒண்ணு வரும்" என்றாள்.

காய் வெடித்து விதை பறந்துவிடாமல் துணி கட்டிக் காத்தாள். மழை ஓய்ந்ததும், இனிப்புக் கடை பிளாஸ்டிக் பெட்டியில் மணலும் கரித்தூளும் நிரப்பி, கறுப்புச் சருகு போலிருந்த விதைகளை ஒன்றுவிடாமல் தூவினாள். மூன்று வாரத்தில் ஒன்பது முளைத்தன. எனக்குப் புல்லாகத்தான் தெரிந்தது. பூக்க நாலு வருடம் ஆகும் என்றாள். நான் மலைமேல் கேத்தியில் கேரட் விவசாயி வீட்டில் பிறந்தவன், மூன்று மாதத்தில் அறுவடை பார்த்துப் பழகியவன். நாலு வருடமா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

டிசம்பரில் அவளைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றில் கட்டி. மகள் அங்கேயே குடியிருந்ததால் அவள் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். ஃபேக்டரியில் எனக்கு லீவு மிச்சமில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் வந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று வண்டியில் உட்கார்ந்துகொண்டு மனைவி சொன்னது நாற்றைப் பற்றித்தான்.

"வாரத்துக்கு ஒரு ஸ்பூன் தண்ணி போதுமுங்க. பகல்ல வெயில் காட்டுங்க, பொழுது சாயறதுக்குள்ள ஊட்டுக்குள்ள எடுத்து வெச்சிருங்க. சேத்தி ஊத்துனா அழுகிப் போயிரும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்துவிட்டு வந்த அசதியில் பெட்டியை உள்ளே எடுக்க மறந்து படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் வாசல் முழுக்க உறைபனி. நாற்றின் மேலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவோம், இல்லாவிட்டால் இலை கருகிவிடும். கேரட் பாத்தியில் சின்ன வயதிலிருந்து அதைச் செய்து பழகிய கை இது. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பூவாளியை எடுத்துப் பெட்டி நிறைய ஊற்றினேன். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு வேலைக்கும் போனேன்.

மூன்றே நாளில் ஒன்பதும் அடி அழுகிச் சாய்ந்துவிட்டன.

அவள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். சாப்பிட்டீர்களா என்பதுகூட இரண்டாவது கேள்விதான். அன்றும், "நாத்து எப்படி இருக்குதுங்க?" என்றாள். நல்லா இருக்குது என்றேன். மறுநாள் ஒன்றில் மூன்றாவது இலை வந்திருக்கிறது என்றேன். பிறகொரு நாள் புள்ளி விழுந்திருக்கிறது என்றேன். "அப்ப அம்மா ஜாடைதானுங்க" என்று சிரித்தாள். மருந்து ஏற்றிய நாட்களில் அந்தப் போனில் மட்டும்தான் அம்மா சிரிக்கிறாள் என்று மகள் சொன்னாள். பிறகு எப்படி நிறுத்துவது?

ஜனவரி கடைசியில் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார். அவளிடம் நான், கட்டி கரைந்துவிட்டதாம், நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்தால் போதுமாம் என்று சொன்னேன். அவளை அழைத்து வருவதற்கு முதல் நாள் குன்னூர் நர்சரிக்குப் போய், இருப்பதிலேயே பொடியான கற்றாழைக் கன்றுகளாக ஒன்பது பொறுக்கி வாங்கி அந்தப் பெட்டியில் நட்டு வைத்தேன். நட்ட அழகைப் பார்த்து எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

வந்த மறுநாள் காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பெட்டியைக் கேட்டாள். மடியில் வைத்தேன். ஒரு பார்வைதான்.

"இது கன்னுங்க" என்றாள். "விதையில வந்தது இத்தனை தடிமனா இருக்காது."

எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். தப்பு என் பக்கம் இருந்தால் இன்னும் இரண்டு மடங்கு.

"ஆமா, கன்னுதான்! பனியில தண்ணி ஊத்தினேன், எல்லாம் செத்துப் போச்சு. இப்ப என்னங்கற அதுக்கு?"

தானாக எழுந்து நிற்கக்கூட முடியாதவளிடம் அப்படிக் கத்தினேன். திருப்பித் திட்டமாட்டாளா என்று ஏங்கினேன். திட்டியிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. ஒரு கன்றின் இலையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப, டாக்டரு சொன்னாருன்னு நீங்க சொன்னீங்களே, அதும் இப்படித்தானுங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றரை மாதமாகத் தினமும் சொன்ன பொய், அப்போது மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தாள். தன் உடம்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.