கேள்வியோடு வாருங்கள்

என் கணவருடைய இடது கண்ணில் காஸ்டிக் சோடா தெறித்தபோது நான் மும்பை மாட்டுங்காவில் காப்பித்தூள் கடைக் கல்லாவில் இருந்தேன். தாராவியில் பழைய பிளாஸ்டிக்கைக் கழுவும் பட்டறையில் அவருக்கு வேலை. காஸ்டிக் போட்ட சுடுதண்ணீரில் டப்பாக்களை அலச வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

புண் ஆறியது, பார்வை வரவில்லை. கருவிழியின் மேல் பாலாடை மாதிரி சதை மூடிவிட்டது. வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். மிச்சம் இருந்தது வலது கண். அந்த ஒரு கண்ணை நம்பித்தான் வேலையும் வீடும்.

செம்பூர் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிக் கண்களுக்கு ஸ்டெம் செல் வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். அவருடைய அண்ணனும் கூட வந்தார், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர். எங்கள் குடும்பத்தில் அத்தான் இல்லாமல் ஒரு பெரிய காரியமும் நடக்காது. டாக்டரம்மா மராத்திக்காரர், என் வயதுதான் இருக்கும். இந்தியில் நிதானமாகச் சொன்னார். கண்ணின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் கருவிழியைச் சுற்றியுள்ள விளிம்பில் இருக்கின்றன. இடது கண்ணில் அவை வெந்துபோய்விட்டன. அதனால் வலது கண்ணின் விளிம்பிலிருந்து கடுகளவு கிள்ளியெடுத்துப் பொடியாக நறுக்க வேண்டும். இடது கண்ணில் ஒரு பனிக்குடத்துச் சவ்வை விரித்து அதன்மேல் ஒட்ட வேண்டும். பிடித்தால் வளரும். இப்படி ஒட்டுவதில் ஒரு புது முறையைத்தான் இங்கே சோதித்துப் பார்க்கிறோம், சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை என்றார்.

நல்ல கண்ணிலிருந்து என்றதும் நான் அவருடைய வலது கண்ணைத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் டாக்டரம்மா "புரிஞ்சுதா?" என்று கேட்டதுதான் தாமதம், அத்தான் முந்திக்கொண்டு "நீங்க எது சொன்னாலும் சரிதான் மேடம்" என்றுவிட்டார். என் கணவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். டாக்டரிடம் குறுக்குக் கேள்வி கேட்டால் மரியாதை இல்லை, கைராசியும் கெட்டுவிடும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "மூணு பேரும் ஒரு கேள்விகூடக் கேட்கலை. அப்படிப்பட்ட சம்மதம் எனக்கு வேண்டாம். வீட்டுக்குப் போங்க. கேள்வியோட வாங்க."

வெளியே வந்ததும் அத்தான் வெடித்தார். "கேள்வி கேட்டா வெரட்டுவாவ, பாத்திருக்கேன். கேக்கலன்னு வெரட்டுத டாக்டர இப்பத்தான் பாக்கேன்!"

எனக்கும் கோபம்தான். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கோபம் டாக்டரம்மாவை விட்டு எங்கள் மேலேயே திரும்பிவிட்டது. தக்காளி வாங்கினால் கூடையையே கவிழ்த்துப் பார்க்கிறவள் நான். புருஷன் கண் விஷயத்தில் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

மறுநாள் தெருக்குழாயில் விஷயத்தை உடைத்தேன். எனக்குப் புரிந்தபடி சொன்னேன்: "உறைமோர் மாதிரிதான். நல்ல சட்டியிலேருந்து ஒரு கரண்டி எடுத்து மத்த பால்ல விடுதாவ."

"அப்பம் விளக்கு வைக்கதுக்கு முன்னால செய்யச் சொல்லு. பொழுதடைஞ்ச பெறகு உறை குடுக்கப்படாது" என்றாள் எதிர்வீட்டு அக்கா. குழாயடியே சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு அவளே கேட்டாள்: "அது சரி, அந்தப் பனிக்குடம் யாரு வயித்துல உள்ளது? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டாவளா?"

நானும் இரண்டு பெற்றவள்தான். என் பனிக்குடம் எங்கே போனது என்று என்னிடமும் யாரும் சொன்னதில்லை.

கடைக்கு வரும் பாலக்காட்டு மாமி ஒருவரிடமும் கேட்டேன். மாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ரிசர்ச்னா ஒண்ணு கேளு. நாளைக்கு ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா யார் பாத்துப்பா? இன்னொண்ணு, உங்க மேல பண்ணிப் பாத்துட்டு, பலிச்சதும் எங்களை மாதிரி காசு இருக்கறவாளுக்கு மட்டும் பண்ணுவாளா? தைரியமா கேளுடி" என்றார். காசு இருக்கிறவர் வாயிலிருந்தே அது வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் தடவை போனபோது நான் யாரையும் பேச விடவில்லை. மடமடவென்று கேட்டேன். டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சவ்வு, ஆபரேஷனில் பிள்ளை பெற்றவர்கள் கொடுத்தது, பிரசவத்துக்கு முன்பே கேட்டு வாங்கியது என்றார். நல்ல கண்ணில் கிள்ளிய இடம் பெரும்பாலும் ஆறிவிடும், ஆனால் ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய் என்றார். ஏதாவது ஆனால் வைத்தியம் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. மாமியின் கடைசிக் கேள்விக்கு மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"நடக்கக்கூடியதுதான். நீங்க பயப்படறது நியாயம். பலிச்சா உங்களை மாதிரி ஆட்களுக்கும் இங்கே இதே வைத்தியம் கிடைக்கணும்னு ஆஸ்பத்திரியோட பேசி ஒத்துக்க வச்சிருக்கேன். அதுக்கு மேல சத்தியம் பண்ண என்னால முடியாது. ஆனா ஒண்ணு, ஸ்டெம் செல்னு போர்டு மாட்டிக்கிட்டு முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் ஊசி போடறவங்க இருக்காங்க. அவங்ககிட்ட போனா இப்படிக் கேள்வி கேட்கவே விடமாட்டாங்க."

பிறகு என் கணவரைப் பார்த்தார். "கண் உங்களோடது. நீங்க ஒண்ணும் கேட்கலையே?"

அவர் தரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "நான் முடியாதுன்னா உங்களுக்குக் கோவம் வருமா? பெறகும் சொட்டு மருந்து குடுப்பீங்களா?"

"கோபம் வராது. மருந்து நிற்காது. ஆபரேஷன் அன்னிக்குக் காலையிலகூட வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்து போகலாம்."

"அப்பம் யோசிச்சிட்டு வாரேன்" என்று எழுந்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! பஸ்ஸில் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறியதிலிருந்து அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "நாயா பேயா அலைஞ்சு அத்தன கேள்வி கேட்டுட்டு வந்து நிக்கேன். யோசிக்கப் போறாவளாம், யோசிக்க!"

அவர் சண்டை போடவில்லை. "ஏன்ளா கெடந்து குதிக்க? பட்டறையில சேரும்போதும் சரி, நம்ம கல்யாணத்துலயும் சரி, முடியாதுன்னு சொல்லலாம்னு எனக்கு யாருமே சொன்னதில்ல. இன்னைக்குத்தான் ஒருத்தவ சொல்லியிருக்காவ. ரெண்டு நாளு அதக் கையில வச்சிருக்கேனே."

"கல்யாணத்துலயுமா?" என்று முறைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். என் கோபம் அங்கேயே அடங்கிப்போனது. இத்தனை வருஷமாக இந்த மனுஷனுக்காக எல்லாரும் தலையாட்டியிருக்கிறோம், நானும்தான் என்று நினைத்தபோது மனசு கனத்தது.

இரண்டு நாள் கழித்து அவர் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தானுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான்.

நல்ல கண் முதல் சில நாட்கள் சிவந்து நீர் வடித்தது. இருந்ததையும் கெடுத்துக்கொண்டோமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு சிவப்பு வடிந்து பழையபடி தெளிந்தது. இடது கண் மாதக்கணக்கில் எங்களை அலைக்கழித்தது. சொட்டு மருந்து, கட்டு, வெயில் படாத மூலை என்றே காலம் போனது. கருவிழியை மூடியிருந்த பாலாடை விலகியது தெரிந்தது. ஆனால் என்ன தெரிகிறது என்று கேட்டால் "பொறு" என்பார்.

பிறகு ஒரு நாள் டாக்டரம்மா அவருடைய வலது கண்ணைக் கறுப்பு மூடியால் மறைத்துவிட்டு, என்ன தெரிகிறது, சொல்லுங்கள் என்றார். நான் அறையின் மூலையில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"உங்க வெள்ளைக் கோட்டு தெரியுது" என்றார் இந்தியில். "கை ஆடுது. ரெண்டு விரலு." பிறகு தமிழுக்கு மாறினார். "அந்தா மூலையில செவப்புச் சேலை கட்டிக்கிட்டு ஒருத்தி நிக்கா. மூஞ்சி கலங்கலாத்தான் தெரியுது. அழுதா போல இருக்கு."

"செவப்பில்ல, ரோசு!" என்று கத்திவிட்டேன்.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்துவிட்டார்.

"சரி, ரோசு" என்றார் என் கணவர், அந்தக் கண்ணை என்மேலிருந்து எடுக்காமல். "அழுகையாவது சரியா?"

"அழுதுகிட்டுத்தான் நிக்கேன்" என்றேன். "நல்லாப் பாத்துக்கிடுங்க."