டைகா சார்

குடையின் முனையால் சைபீரியாவை நாலு குத்துக் குத்திய பிறகுதான் தாணுமாலையன் சாருக்குத் தொண்டை திறக்கும்.

"ஒலகத்துல ஆகப் பெரிய காடு?"

"டைகா" என்று வகுப்பு கத்தும்.

"என்ன மரம்?"

"ஊசியிலை மரம்."

"ஒரு மார்க்கு. மடியில கெட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுக் குடையை ஆப்பிரிக்கா பக்கம் நகர்த்துவார். பல வருஷக் குத்தில் சுவர்ப்படத்தின் சைபீரியா கிழிந்துபோய், அந்த இடத்தில் சுண்ணாம்புச் சுவர் தெரிகிறது. படத்தை மாற்ற அவருக்கு மனமில்லை. உறைபனிப் பிரதேசம் வெள்ளையாகத்தானே இருக்கும் என்று சுவரையே காட்டிப் பாடம் நடத்திவிடுகிறார்.

வகுப்பு நடப்பது திருவனந்தபுரம் ஆரியசாலையில், வற்றல் மிளகாய் மொத்த வியாபாரக் கடை ஒன்றின் மேல்மாடியில். கீழே மூட்டை இறங்கும் நாட்களில் மேலே இருப்பவர்களுக்கு மூக்கும் கண்ணும் ஒழுகும். அமேசான் காடு அழிவதைப் பற்றி அவர் சொல்லும்போது முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்தவர்கள் சாருடைய பேச்சுத் திறமையை வியந்து போவார்கள். பழைய ஆட்கள் கைக்குட்டையோடு வருவார்கள்.

எல்லோரும் கேரள அரசு உத்தியோகத்துக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குத் தயார் செய்கிறவர்கள். நிலவரி ரசீது எழுதப்போகிற கிளார்க்குக்கு டன்ட்ராவில் பாசி முளைக்கும் செய்தி எதற்கு என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கேள்வி வரும், அதனால் தெரிந்திருக்க வேண்டும். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஊரில் ஆயிரம் வாத்தியார்கள் உண்டு. உலகத்துக் காட்டையும் புல்லையும் மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, மண்டலத்துக்கு ஒரு மார்க்கு வீதம் விற்பவர் இவர் ஒருவர்தான். வாங்குகிறவர்களில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம். தமிழ் பாதி, மலையாளம் பாதியாக அவர் பேசும் பாஷை அவர்களுடைய வீட்டுப் பாஷைதான். வலியசாலையிலிருந்து கரமனை வரை அவரை டைகா சார் என்றே சொல்வார்கள். தாணுமாலையன் என்று கேட்டுக்கொண்டு போனால் வழி காட்ட ஆள் கிடைக்காது.

மறந்துபோகாமலிருக்க அவரே சில வித்தைகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். டவுன்ஸ் புல்வெளி எங்கே? டவுன் பஸ் பிடித்து ஆஸ்திரேலியா போக வேண்டும். வெல்ட் எங்கே? தென்னாப்பிரிக்காவில் வெல்டிங் பட்டறை. பம்பாஸ் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "நம்ம பம்பா ஆறு இல்ல, கேட்டியா. அர்ஜென்டினாக்காரன் பந்து தட்டுற புல்லாக்கும்" என்று எச்சரிப்பார். காரணம், ஒரு தடவை எச்சரிக்காமல் விட்டு, பம்பாஸ் புல்வெளி பத்தனம்திட்டை ஜில்லாவில் இருப்பதாக ஒரு மாணவன் விடையைக் கறுப்பாக்கிவிட்டு வந்தான். மற்றக் கேள்விகள் காப்பாற்றியதால் அவன் இப்போது ஏதோ ஒரு தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து நாட்டை நடத்திக்கொண்டிருக்கிறான்.

இவ்வளவு காட்டையும் தோளில் சுமக்கிற மனிதர் வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி கிடையாது. வலியசாலையில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முற்றத்தை, வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தன் கைக்காசில் சிமென்ட் பூசிவிட்டார். விரிசலில் ஒரு புல் தலைநீட்டினால் போதும், "சவம், காடு பிடிச்சுப் போச்சே" என்று குந்தி உட்கார்ந்து பிடுங்குவார். அவருடைய அகராதியில் அதைவிடக் கெட்ட வசவு கிடையாது. முடிவெட்டாத மாணவனைப் பார்த்தால் தலை காடு பிடித்துப் போயிற்று. அடுக்காத அலமாரி காடு பிடித்துப் போயிற்று. எதிர்வீட்டுக் கொய்யாமரம் மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்ததற்காக ஒரு வருஷம் அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்.

கூர்ந்து பார்த்தால் அவருடைய பிரியத்துக்கு ஒரு கணக்கு இருப்பது புரியும். காடு எத்தனைக்கெத்தனை தூரத்தில் இருக்கிறதோ அத்தனைக்கத்தனை அது அழகு. அவர் கணக்குப்படி டைகா மிகத் தூரம், எனவே மிக அழகு. அமேசான் அடுத்தது. சவானாவின் பாவோபாப் மரத்தை, அது ஏதோ சொந்தத்தில் பிறந்த பிள்ளை போல, வயிறு பெருத்தவன் என்று கொஞ்சுவார். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டுக்கு வரும்போது மட்டும் சுருதி இறங்கிவிடும். அந்தச் சனியன், பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில், கல்லாறு வரைக்கும் வந்து நிற்கிறது. அதற்கு மேலே பொன்முடி மலைக்கு ஊரே சுற்றுலா போய்வந்த காலத்திலும் அவர் போகவில்லை. பாடத்தில் இருப்பதை நேரில் வேறு போய்ப் பார்ப்பானேன் என்று கேட்டார்.

அவருடைய மகள் ஸ்வப்னாவும் அந்த வகுப்பில் பல வருஷம் பின்பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். எத்தனையோ பிள்ளைகள் வந்து, டைகாவை மடியில் கட்டிக்கொண்டு உத்தியோகத்துக்குப் போனார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு ராங்க் லிஸ்டிலும் வால்பக்கம் தொற்றி நின்று, லிஸ்ட் காலாவதியாகிச் செத்துப்போனதும் இறங்கி வருவாள். மற்ற நேரங்களில் அப்பாவின் நோட்ஸைப் பிரதியெடுத்து, தைத்து, எண்ணி அடுக்குவது அவள் வேலை. வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை, அவளும் எதுவும் சொல்வதில்லை. தலையில் நரை தெரியத் தொடங்கிய பிறகு அவள் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் கழிந்த அந்த வருஷத்தோடு அவளுக்குப் பரீட்சை எழுதும் வயசும் முடிந்தது.

முடிகிற நேரத்தில்தான் வேலை கிடைத்துவிட்டதென்று அட்வைஸ் மெமோ வந்தது. எல்.டி. கிளார்க். டைகா சார் தெரு முழுக்க லட்டு கொடுத்தார், கொய்யாமரத்து வீட்டுக்கும் சேர்த்து. எந்த இலாகா என்பது பின்னால் வந்தது. வனத்துறை. கல்லாற்றைத் தாண்டி மலைச்சரிவில் ஒரு ரேஞ்ச் ஆபீஸ்.

கொடுத்த லட்டைத் திரும்ப வாங்க வழியிருந்தால் வாங்கியிருப்பார். அன்று முதல் வீட்டில் காடு பற்றி ஒரு புதுப் பாடத்திட்டம் ஆரம்பமாயிற்று. யானை வரும். பாம்பு வரும். ஆறு மாசம் மழை. பெண்பிள்ளை தனியாக மலையடிவாரத்து விதுராவில் அறை எடுத்துத் தங்குவதாவது. காட்டில் உத்தியோகம் என்றால் எந்த மாப்பிள்ளை வருவான் என்று ஒரு கேள்வி. பத்து வருஷமாக நகரத்துக்கே வராத மாப்பிள்ளை, காடு என்றதும் மனம் மாறித் திரும்பிப் போய்விடுவானாம். சேர வேண்டாம், அடுத்த லிஸ்டில் செக்ரட்டேரியட் கிடைக்கும் என்றார். அடுத்த லிஸ்டே அவளுக்குக் கிடையாது என்பதை அந்த வீட்டில் அவரைத் தவிர எல்லோரும் நினைவு வைத்திருந்தார்கள்.

ஸ்வப்னா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்: "சைபீரியாவுல போட்டிருந்தா விட்டிருப்பேளா அப்பா?"

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர்தான். "அது தூரத்துலல்லா மக்கா இருக்கு" என்றார்.

அவர் மனைவி மங்கலம் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு வாசலுக்கு வந்தாள். "கேட்டேளா, இந்த வீட்டுல ஒரு ஆளு இருந்த எடத்துல இருந்து காடு படிப்பிச்சது போரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மீனிடம் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருடைய பாடத்தைப் பற்றிச் சொன்ன ஒரே அபிப்பிராயம் இது. அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் ஒரு சமரசம் சொன்னார்: சேருகிற அன்றைக்குத் தானும் கூடப் போவது. இடத்தைப் பார்ப்பது. ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. ஏதாவது ஒன்று இல்லாமலா போகும் என்கிற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது.

பொன்முடி பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்தவர், கல்லாறு தாண்டி மரங்கள் கிட்டே வந்ததும் ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டார். அதனால் வாழ்நாள் முழுக்கப் பாடம் சொன்ன காட்டுக்குள் அவர் முதன்முதலாக நுழைந்தது ஒரு பச்சை ரெக்சின் துணியைப் பார்த்தபடிதான்.

இறங்கிய இடத்தில் காக்கி உடுப்போடு ஓடிவந்து காலைத் தொட்டவன் ஆன்சன். பாறசாலைக்காரன், பழைய மாணவன், இப்போது அங்கே ஃபாரஸ்ட் கார்டு. "நான் இந்தக் காக்கி போட்டது சாரோட டைகாவுலயாக்கும்" என்றான். ஒரு மார்க்கில் தப்பித்தவனாம். மழை விட்ட நேரம், ரத்தம் குடிக்கிற அட்டை காலில் ஏறும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளச் சொல்லி ஆபீஸுக்குக் கூட்டிப்போனான். சார் முழங்காலுக்கு மேல் கட்டிக்கொண்டு, அடிக்கு அடி தன் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தார். அட்டை என்ற சொல்லைக் கேட்டதும் வந்த வியர்வை கழுத்தில் வழிந்தது.

ஆபீஸ் முற்றத்தில் தார்ப்பாய் விரித்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நேச்சர் கேம்ப். வகுப்பெடுக்க வேண்டியவர் வந்து சேரவில்லை. ஆன்சனுக்குத் தெய்வமே பஸ்ஸில் வந்து இறங்கியது போலாயிற்று. ரேஞ்சர் வருவதற்குள் சார் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும் என்றான். மறுக்கத் தெரியாமல் சார் எழுந்து நின்றார். குத்துவதற்குப் படம் இல்லை. காற்றில் ஒரு குத்துக் குத்தி, "ஒலகத்துல ஆகப் பெரிய காடு?" என்று தொடங்கிவிட்டார். தலைக்கு மேலே இலைகளிலிருந்து மழை மிச்சம் சொட்டிக்கொண்டிருக்க, நாலு பக்கமும் காடு நெருக்கியடித்துக்கொண்டு நின்று கேட்க, அவர் சைபீரியாவைப் பற்றி வெகு நேரம் பேசினார்.

முன்னால் இருந்த ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். அவர் சாய்ந்து நின்ற மரத்தைக் காட்டி, "இது எந்து மரமா சாரே?" என்றாள்.

சார் அண்ணாந்து பார்த்தார். மரம் போய்க்கொண்டே இருந்தது. "அது போர்ஷன்ல இல்ல" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் ஆன்சனைப் பார்த்தார். காட்டைக் காக்கிற ஆன்சனும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத்தற பெரிய மரமல்லே சாரே, பேரு ஒண்ணு இருக்கும்" என்றான். டைகா என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பான்.

அப்போது ஸ்வப்னா சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் போய்க் குனிந்து, தனக்கும் பேர் தெரியாது என்று மலையாளத்தில் சொன்னாள். "அடுத்த தடவ வரும்போ என்கிட்ட வந்து கேளு. நான் இங்கதான் இருப்பேன், கேட்டு வச்சிருக்கேன்" என்று தமிழில் முடித்தாள். மரத்தடியில் கிடந்த காய் ஒன்றைப் பொறுக்கி, துடைத்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தெரியாது என்ற சொல்லை அத்தனை லேசாக ஒருவர் சொல்ல முடியும் என்பது சாருக்குப் புதிய செய்தி. இங்கதான் இருப்பேன் என்பதை அவள் அந்த மலையின் ஆள் போலவே சொன்னாள் என்பதும் அவருக்கு உறைத்தது. அவருக்கு வலிக்கவும் செய்தது.

ரேஞ்சர் ஹரிகுமார் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். உள்ளே கூட்டிப்போய், ஸ்வப்னாவை உட்காரவைத்து, கையெழுத்துப் போட வேண்டிய தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். மரியாதைக்காக அப்பாவைப் பார்த்து, இடம் பிடித்ததா என்கிற அர்த்தத்தில், "ஸ்தலம் இஷ்டப்பட்டோ சாரே?" என்று கேட்டார்.

ஸ்வப்னா பேனாவைத் திறந்தவள் எழுதாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சொன்ன சொல் அவளுக்கு நினைவிருந்தது. ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். பொன்முடி போன பஸ் திரும்பி இறங்கிவரும் சத்தம் மேலே வளைவில் கேட்கத் தொடங்கியிருந்தது.

வலது கெண்டைக்காலில் என்னவோ ஈரமாக இருக்கிறதே என்று அவர் குனிந்து பார்த்தார். விரல் தடிமனுக்கு ஒன்று ஊதிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே இன்னொன்று. ரத்தம் கோடாக வழிந்து செருப்பில் தேங்கியிருந்தது. மேஜை மறைத்ததால் அவளுக்குத் தெரியவில்லை. "மக்கா, இதப் பாத்தியா" என்று ஒரு வார்த்தை போதும்.

மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து, பாதம் மூடும்படி கீழே இறக்கிவிட்டார்.

தனக்குக் காட்டுகிற மரியாதை என்று நினைத்து ரேஞ்சர் பதறி எழுந்து, "அய்யோ, அதொண்ணும் வேண்டா சாரே, இரிக்கணும்" என்றார். சார் உட்காரவில்லை. ஸ்வப்னா பெயரை முழுக்க எழுதி, தேதி போட்டு, பேனாவை மூடுகிற வரைக்கும் அந்தக் காலை அசைக்காமல் நின்றார்.