ஒரு மணிச் சாப்பாடும் என் முப்பது ஸ்லைடுகளும்

என் மடத்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு சீனக் குடும்பத்துக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

துபாயில் அலங்கார விளக்குகள் மொத்த வியாபாரம். முதலாளி விலை பேசுவார். சாவிக்கொத்து அவர் மனைவியிடம். மகள் கடையைப் பார்க்க, மச்சான் சீனாவிலிருந்து கன்டெய்னர் ஏற்றுவார். வெளியாள் என்றால் இரண்டே பேர். விற்பனைக்கு எம்.பி.ஏ. படித்த நான், குடோனுக்கு ஒரு புதுக்கோட்டைக்காரர். ஆறு வருடத்தில் அங்கே ஒரு மீட்டிங் நடந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் எந்தச் சரவிளக்கு ஓடும், எதை நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடும். ரத்தத்திலேயே ஓடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணியானால் குடோனில் வட்ட மேசை போட்டு, நடுவில் முழு மீனை வைத்துச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். "சார், சாப்பிட வாங்க, அம்மா கூப்பிடுறாங்க" என்பார் புதுக்கோட்டைக்காரர். நான் சைவம். தயிர்சாத டப்பாவோடு காருக்குப் போய், ஏசியைப் போட்டுக்கொண்டு, சீனர்களின் வணிக உத்திகள் பற்றி வீடியோ பார்ப்பேன். சிரிக்காதீர்கள்.

பஹ்ரைனில் கிளை திறக்கிறார்கள் என்று தெரிந்ததும், மேனேஜர் நாற்காலி எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அங்கே ஈசா டவுனில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்கூட விசாரித்துவிட்டாள் மனைவி. முப்பது ஸ்லைடு தயாரித்தேன். சாரம் இதுதான்: சொந்தக்காரர்களை மட்டுமே நம்பாதீர்கள், வெளியாளுக்குப் பொறுப்பு கொடுங்கள், வாரம் ஒரு மீட்டிங் வையுங்கள்.

குடும்பம் மொத்தமும் பொறுமையாகப் பார்த்தது. "அச்சா பாய், வெளியாள்தான் சரி" என்று தன் இந்தியில் ஒத்துக்கொண்டார் முதலாளி. முதலாளியம்மா தன் கொத்திலிருந்து பஹ்ரைன் கடைச் சாவியைக் கழற்றி நீட்டினார். நானும் கையை நீட்டினேன். சாவி என்னைத் தாண்டி, பின்னால் நின்ற புதுக்கோட்டைக்காரரிடம் போனது.

வெளியே வந்து அவரைப் பிடித்தேன்.

"எப்படிய்யா?"

"சாப்பிடுறப்பதான சார் எல்லாம் பேசி முடிப்பாங்க? பஹ்ரைன் பேச்சே மூணு மாசமா ஓடுச்சு."

"அந்த மீனுக்கு நடுவுலயா? நீ புரட்டாசியில விரதம் இருக்கிற ஆளாச்சே!"

"அந்த மாசம் எனக்குன்னு தனியா டோஃபு வறுத்து வச்சிருவாங்க சார், நம்ம பனீர் மாதிரி."

"அதுதான் மீட்டிங்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"தெனமுந்தான் சாப்பிடக் கூப்பிட்டேனே, சார்."